ஹெட்போனில் இடது, வலது எங்கிருந்து வந்தது? 38 வயதில் மறைந்த ஆலன் ப்ளம்லைனின் கதை

இதைப் படிக்கும்போது காதில் ஹெட்போன் இருக்கிறதா? இருந்தால் ஒரு சின்னச் சோதனை செஞ்சு பாருங்க. பிடித்த பாட்டு ஒன்றைப் போட்டுக் கண்ணை மூடிக்கொள்ளுங்க. பாடுபவரின் குரல் நடுவில் நிற்கும். தபேலா ஒரு பக்கம், கிதார் இன்னொரு பக்கம், வயலின்கள் இரண்டு பக்கமும் விரிந்து கேட்கும். இப்போது போன் செட்டிங்ஸில் அக்சஸபிலிட்டி பகுதிக்குப் போய் மோனோ ஆடியோவை ஆன் செய்யுங்க. அதே பாட்டு, அதே குரல்தான். ஆனால் எல்லாம் ஒரே புள்ளிக்குள் போய் ஒடுங்கிவிடும். கல்யாண மண்டபத்தில் உட்கார்ந்து கச்சேரி கேட்டவரை வெளியே தள்ளிக் கதவைச் சாத்தி, சாவித் துவாரம் வழியாகக் கேட்கச் சொன்ன மாதிரி இருக்கும்.

அந்த மண்டபத்தை, அதாவது ஒலிக்குள் இருக்கும் இடத்தை, நமக்குக் கட்டிக் கொடுத்தவர்களில் முதன்மையானவர் ஆலன் டவர் ப்ளம்லைன் என்ற ஆங்கிலேய இன்ஜினீயர். ஸ்டீரியோ ஒலியின் முழு வரைபடத்தையும் 1931-லேயே எழுதி வைத்தவர். உலகின் முதல் வழக்கமான உயர்தரத் தொலைக்காட்சி ஒளிபரப்பின் மின்சுற்றுகளை வடிவமைத்தவர்களில் ஒருவர். இரண்டாம் உலகப் போரின் பெரிய ரகசியங்களில் ஒன்றைச் சோதித்துக் கொண்டிருந்தபோது விமான விபத்தில் இறந்தவர். அவர் இறந்த செய்திகூடப் போர்க்காலத்தில் வெளியே சொல்லப்படவில்லை.

ஒலி இன்ஜினீயர்கள் நடுவில் இன்றும் தினசரி புழங்கும் பெயர் அது. வெளியே அவ்வளவாகத் தெரியாது. ஏன் அப்படி ஆனது? அவர் உண்மையில் என்னதான் செய்தார்?

படிக்கத் தெரியாது, கணக்கு தெரியும்

ப்ளம்லைன் பிறந்தது 1903 ஜூன் 29, லண்டனின் ஹாம்ப்ஸ்டெட் பகுதியில். அப்பா ஜெர்மனியில் பிறந்து பிரிட்டிஷ் குடிமகனாக மாறிய சுரங்க இன்ஜினீயர். அம்மா, தென்னாப்பிரிக்காவில் பணியாற்றிய ஸ்காட்லாந்து பாதிரியார் ஒருவரின் மகள்.

ஏழு வயதில் வீட்டு அழைப்பு மணியைப் பழுது பார்த்துக் கொடுத்துவிட்டு, அதற்கான பில்லை அப்பாவிடம் நீட்டினாராம் பையன். கீழே தன் பெயரைப் போட்டு, மின் பொறியாளர் என்றும் எழுதியிருந்தாராம். அந்த வயதுப் பிள்ளைகளோடு சேர்ந்து படிக்க மட்டும் அவரால் முடியவில்லை. பன்னிரண்டு வயது வரை அவருக்குச் சரியாக வாசிக்கவே வராது என்று குடும்பத்தார் பின்னாளில் நினைவுகூர்ந்திருக்கிறார்கள். கணிதத்தில் மட்டும் வயதுக்கு மீறிய தேர்ச்சி.

லண்டனின் ஹைகேட் பள்ளியில் படித்தார். பிறகு இம்பீரியல் கல்லூரியின் அங்கமான சிட்டி அண்ட் கில்ட்ஸ் கல்லூரியில் சேர்ந்து, 1923-ல் முதல் வகுப்பில் பட்டம் பெற்றார். அடுத்த ஆண்டே, எட்வர்ட் மாலெட் என்பவரோடு சேர்ந்து உயர் அதிர்வெண் மின்தடையை அளப்பது பற்றி ஓர் ஆய்வுக் கட்டுரை எழுதினார். பிரிட்டனின் மின் பொறியாளர் சங்கம் அதற்குப் பரிசு கொடுத்தது. அப்போது அவருக்கு வயது இருபத்தொன்றுதான். அந்தச் சங்கத்தின் இதழில் அவர் வாழ்நாளில் வெளியிட்ட கட்டுரைகள் மொத்தமே இரண்டு. இந்த எண்ணிக்கையைக் கொஞ்சம் ஞாபகம் வச்சுக்குங்க. அவர் பெயர் ஏன் பரவவில்லை என்பதற்கான விடையில் ஒரு பங்கு இதில் இருக்கிறது.

முதல் வேலை: பக்கத்து லைன் பேச்சை நிறுத்துவது

1924-ல் ப்ளம்லைன் இன்டர்நேஷனல் வெஸ்டர்ன் எலக்ட்ரிக் நிறுவனத்தில் சேர்ந்தார். வேலை தொலைபேசியில். அந்தக் காலத்து நெடுந்தொலைவு லைன்களில் இரண்டு தலைவலிகள். ஒன்று, தூரம் கூடக் கூடக் குரல் தேய்ந்துபோகும். இரண்டாவது, ஒரே கேபிளில் பக்கத்துப் பக்கத்தில் ஓடும் கம்பிகளில் ஒருவர் பேச்சு இன்னொருவருக்குக் கசியும். லேண்ட்லைன் காலத்தை வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டுப் பாருங்க, கிராஸ் டாக் பற்றிக் கதை கதையாகச் சொல்வார்கள்.

குரல் தேயாமலிருக்க லைனில் குறிப்பிட்ட தூரத்துக்கு ஒரு கம்பிச் சுருள் வைப்பார்கள். ப்ளம்லைனும் அவருடைய சகா ஜான் பெர்சிவல் ஜான்ஸும் 1925, 26-ஆம் ஆண்டுகளில் அந்தச் சுருளை மேம்படுத்தினார்கள். இழப்பும் குறைந்தது, கசிவும் குறைந்தது. அனலாக் தொலைபேசிக் காலம் முடியும்வரை அந்த வடிவமைப்பு புழக்கத்தில் இருந்தது.

கசிவைக் குறைக்க வேண்டுமென்றால் முதலில் அதை அளக்க வேண்டும், இல்லையா? அதற்காக இருவரும் ஒரு புதுவகை அளவீட்டுச் சுற்றையும் உருவாக்கினார்கள். ப்ளம்லைன் பிரிட்ஜ் என்றே பின்னாளில் அதற்குப் பெயர் வந்தது. அடிப்படை ரொம்ப எளிமையானது. தராசு மாதிரி இரண்டு பக்கம். இரண்டும் சமமாக இருந்தால் முள் நடுவில் நிற்கும். சமமில்லை என்றால், அந்த வித்தியாசம் மட்டும் தெரியும்.

இரண்டு பக்கத்தையும் ஒப்பிட்டு வித்தியாசத்தை மட்டும் பிரித்தெடுப்பது. இந்த ஒரே யோசனைதான் அவருடைய பிற்கால வேலைகள் பலவற்றிலும் வேறு வேறு உருவத்தில் திரும்பத் திரும்ப வரப்போகிறது.

இசைத்தட்டு உலகத்துக்குள்

1929-ல் அவர் கொலம்பியா கிராஃபோஃபோன் நிறுவனத்துக்கு மாறினார். அங்கே அவருக்கு மேலே இருந்தவர் ஐசக் ஷோன்பெர்க். ரஷ்யப் பேரரசில் பிறந்து பிரிட்டனில் குடியேறிய இன்ஜினீயர். திறமையான இளைஞர்களைத் தேடிப் பிடித்துச் சேர்த்து, அவர்கள் போக்கில் விட்டு வேலை வாங்கத் தெரிந்த மனிதர்.

ப்ளம்லைனுக்குக் கிடைத்த முதல் வேலை, இன்றைய ஸ்டார்ட்அப் ஆட்களுக்கும் பழக்கமான ஒன்று. அடுத்தவர் காப்புரிமையைத் தொடாமல் அதே காரியத்தைச் செய்ய வழி தேடுவது. அப்போது இசைத்தட்டுப் பதிவுக்கான மின்சார வெட்டுக்கருவியின் காப்புரிமை அமெரிக்காவின் பெல் ஆய்வகத் தரப்பிடம் இருந்தது. பதிவு செய்யும் நிறுவனங்கள் அதற்கு ராயல்டி கட்டிக் கொண்டிருந்தன.

பெல் கருவியில் அசைவது ஓர் இரும்புத் துண்டு. ப்ளம்லைன் குழு அந்த இரும்பை விட்டுவிட்டு, காந்தப் புலத்துக்குள் ஒரு சுருள் அசையும்படி வேறொரு கருவியைக் கட்டியது. ஹெர்பர்ட் ஹோல்மன் போன்ற சகாக்கள் இதில் உடன் உழைத்தார்கள். காப்புரிமைச் சிக்கல் தீர்ந்தது. பதிவின் தரமும் பழையதைவிட நன்றாக இருந்தது. செலவைக் குறைக்கக் கொடுத்த வேலையில் தரத்தையும் சேர்த்துக் கொடுத்தார்கள்.

1931-ல் கொலம்பியாவும், எச்எம்வி முத்திரைக்குச் சொந்தமான கிராமபோன் கம்பெனியும் இணைந்து இஎம்ஐ பிறந்தது. நம் தாத்தா பாட்டி வீடுகளில் இருந்த நாய் படம் போட்ட இசைத்தட்டுகளை அச்சடித்த கல்கத்தா டம்டம் தொழிற்சாலையும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான். அதே நிறுவனம் இன்று சரிகம என்ற பெயரில் இயங்குகிறது. லண்டனுக்கு மேற்கே ஹேய்ஸ் என்ற ஊரில் இஎம்ஐயின் மைய ஆய்வகம் இருந்தது. ப்ளம்லைனின் மிச்ச வாழ்க்கை பெரும்பாலும் அங்கேதான்.

தியேட்டரில் தோன்றிய யோசனை

1931-ன் தொடக்கம். பேசும் படங்கள் வந்து சில வருடங்களே ஆகியிருந்தன. ப்ளம்லைன், பின்னாளில் மனைவியான டோரீன் லேனோடு படம் பார்க்கப் போகிறார். திரையில் நடிகர் இடது ஓரத்தில் நிற்கிறார், ஆனால் குரல் வேறெங்கோ இருந்து வருகிறது. வலது ஓரத்துக்கு நடந்துபோனாலும் குரல் அதே இடத்தில்தான். காரணம், ஒலி முழுக்க ஒரே இடத்து ஸ்பீக்கரிலிருந்து வருகிறது.

தியேட்டரில் இருந்த மற்றவர்கள் யாரும் இதைப் பெரிதாக எடுத்துக்கொண்டிருக்க மாட்டார்கள். குரல் வருவதே அன்றைக்குப் பெரிய அதிசயம்! ப்ளம்லைனுக்கு மட்டும் அது உறுத்தியது. நடிகர் நடந்தால் குரலும் கூடவே நடக்கும்படி செய்ய தன்னிடம் ஒரு வழி இருப்பதாக டோரீனிடம் சொல்லியிருக்கிறார்.

அந்த ஆண்டு செப்டம்பரில் குறிப்புகள் எழுதத் தொடங்கினார். டிசம்பர் 14 அன்று காப்புரிமை விண்ணப்பம் பதிவானது. 1933 ஜூனில் ஏற்கப்பட்டபோது அதன் எண் 394325. ஒரே ஆவணத்தில் 70 உரிமைக் கோரிக்கைகள். ஸ்டீரியோ என்ற சொல்லை அவர் பயன்படுத்தவில்லை. இரு செவி ஒலி என்ற பொருளில் பைனாரல் என்றே குறிப்பிட்டார்.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இரண்டு வழியாக ஒலியை அனுப்பிப் பார்த்தவர்களில் இவர் முதல் ஆள் இல்லை. 1881-லேயே பாரிஸில் க்ளெமாங் அதேர் என்பவர், ஓபரா மேடையிலிருந்து இரண்டு தொலைபேசிக் குழாய்கள் வழியாக ஆளுக்கு இரண்டு காதிலும் கேட்க வைத்திருக்கிறார். அமெரிக்காவின் பெல் ஆய்வகமும் 1930-களில் தனியாக இதே திசையில் ஆராய்ந்தது. ப்ளம்லைனின் தனித்தன்மை வேறு. மைக் வைப்பதிலிருந்து, இசைத்தட்டிலும் படச்சுருளிலும் பதிவது, கடைசியில் ஸ்பீக்கரில் கேட்பது வரை முழுச் சங்கிலியையும் ஒரே ஆவணத்தில் யோசித்து முடித்துவிட்டார்.

சரி, ஸ்டீரியோ எப்படித்தான் வேலை செய்கிறது?

உங்கள் இடது பக்கம் யாரோ கை தட்டுகிறார்கள். அந்தச் சத்தம் இடது காதுக்கு முதலில் வந்து, வலது காதுக்குக் கொஞ்சம் தாமதமாக வரும். தாமதம் என்றால் எவ்வளவு? ஒலி நொடிக்குச் சுமார் 340 மீட்டர் போகும். இரண்டு காதுக்கும் நடுவே இருப்பது ஒரு தலையின் அகலம்தான். அதிகபட்சம் ஒரு மில்லிசெகண்டைவிடக் குறைவு. இந்தத் துளி நேரத்தை வைத்துத்தான் மூளை திசையைக் கணிக்கிறது. சத்தம் கீச்சென்று இருந்தால், தலை அதை மறைப்பதால் தூரத்துக் காதுக்குச் சத்தம் குறைவாகவும் கேட்கும். அதுவும் ஒரு துப்பு.

அப்படியானால் இரண்டு மைக், இரண்டு ஸ்பீக்கர் வைத்தால் போதாதா? போதாது. இங்கேதான் சிக்கல். ஹெட்போனில் இடது ஒலி இடது காதுக்கு மட்டும் போகும். தியேட்டரில் அப்படி இல்லை. இடது ஸ்பீக்கர் ஒலி இரண்டு காதுக்கும் போகும், வலது ஸ்பீக்கர் ஒலியும் இரண்டு காதுக்கும் போகும். எல்லாம் கலந்துவிடும். பதிவில் இருந்த நேர வித்தியாசம் என்கிற துப்பு குழம்பிவிடும்.

ப்ளம்லைன் கணக்குப் போட்டுக் கண்டது என்ன தெரியுமா? இரண்டு ஸ்பீக்கரிலும் ஒரே ஒலியை ஒரே நேரத்தில் அனுப்பி, ஒன்றில் சத்தத்தைக் கூட்டி இன்னொன்றில் குறைத்தால், தாழ்ந்த ஒலிகளைப் பொறுத்தவரை, கலந்து காதுக்கு வரும்போது அது நேர வித்தியாசம் போலவே மாறிவிடுகிறது. மூளை ஏமாந்து, ஸ்பீக்கரே இல்லாத ஓர் இடத்தில் ஆளை நிறுத்துகிறது. நீங்கள் ஹாலில் இரண்டு ஸ்பீக்கருக்கு நடுவே உட்கார்ந்து பாட்டுக் கேட்கும்போது, டிவி ஸ்டாண்டுக்கு மேலே வெறும் சுவர் இருக்கிற இடத்திலிருந்து குரல் வருகிறதே, அது இந்த ஏமாற்றுதான்.

அப்படிப்பட்ட சத்த வித்தியாசத்தை நேரடியாகப் பிடிக்க அவர் ஒரு மைக் அமைப்பையும் வரைந்தார். முன்னும் பின்னும் மட்டும் கேட்கும், பக்கவாட்டில் காது அடைத்த இரண்டு மைக்குகள். ஒன்றின் மேல் ஒன்றாக, 90 டிகிரி குறுக்காகத் திருப்பி வைக்க வேண்டும். இன்றைக்கும் எந்த ஒலிப்பதிவுப் பாடத்திலும் இது ப்ளம்லைன் ஜோடி என்ற பெயரில்தான் சொல்லித்தரப்படுகிறது.

இடது வலது சமிக்ஞைகளைக் கூட்டினால் ஒன்று கிடைக்கும், கழித்தால் இன்னொன்று கிடைக்கும். கூட்டலில் இருப்பது இரண்டுக்கும் பொதுவான விஷயம். கழித்தலில் இருப்பது வித்தியாசம் மட்டும். இந்த வித்தியாசத்தைத் தனியே எடுத்துக் கூட்டிக் குறைத்தால், ஒலி மேடையே விரியும், சுருங்கும். பழைய தொலைபேசித் தராசு ஞாபகம் வருகிறதா? நீங்கள் ஆட்டோவில் கேட்கும் எஃப்எம் ரேடியோ ஸ்டீரியோவை அனுப்புவதும் இதே கூட்டல், கழித்தல் முறையில்தான். கூட்டலை மட்டும் பிடித்தால் மோனோ. கழித்தலையும் சேர்த்தால் ஸ்டீரியோ. எம்பி3 கோப்பு இடத்தை மிச்சப்படுத்தக் கையாளும் உத்திகளில் ஒன்றும் இதுதான்.

ஒரே பள்ளத்தில் இரண்டு பாட்டு

இசைத்தட்டில் ஓடுவது ஒரே ஒரு பள்ளம். அதில் ஊசி ஓடும். ஒரே ஊசியை வைத்து இரண்டு தனித்தனி ஒலிகளை எப்படி எடுப்பது?

ப்ளம்லைனின் விடை: பள்ளத்துக்கு இரண்டு சுவர் இருக்கிறதே! வி எழுத்து போன்ற பள்ளத்தின் ஒரு சுவரில் ஓர் ஒலி, மறு சுவரில் இன்னொரு ஒலி. சுவர்கள் ஒன்றுக்கொன்று செங்குத்தாக, ஆளுக்கு 45 டிகிரி சாய்வில் இருந்தால், ஊசியின் அசைவைக் கலப்பில்லாமல் இரண்டாகப் பிரித்துவிடலாம். இன்று மறுபடி ஃபேஷனாகி, கடைகளில் ஆயிரக்கணக்கில் விலை போட்டு விற்கும் வினைல் தட்டுகள் எல்லாம் இந்த முறையில் வெட்டப்பட்டவைதான்.

வெறும் காகிதத்தோடு அவர் நிற்கவில்லை. 1933-ல் சோதனைத் தட்டுகள் வெட்டப்பட்டன. 1934 ஜனவரியில் லண்டன் ஆபி ரோடு ஸ்டூடியோவில் தாமஸ் பீச்சம் நடத்திய இசைக்குழு மொசார்ட்டின் ஜூபிடர் சிம்பனியை வாசித்தபோது, அவருடைய குழு அதை ஸ்டீரியோவில் பதிவு செய்தது. பீட்டில்ஸ் அந்த ஸ்டூடியோவுக்குள் காலெடுத்து வைக்க அப்போது இன்னும் 28 ஆண்டுகள் இருந்தன.

1935-ல் சினிமாவுக்கு வந்தார். ஆட்கள் மேடையில் பேசிக்கொண்டே இங்குமங்கும் நடக்கும் ஒரு சோதனைப் படம். ஹேய்ஸ் ரயில் நிலையத்தில் வண்டிகள் வந்து போகும் இன்னொரு படம், ஐந்து நிமிடத்துக்குச் சற்று மேல். படச்சுருளிலேயே இரண்டு ஒலித்தடங்கள். ரயில் திரையில் எந்தப் பக்கம் போகிறதோ, சத்தமும் அந்தப் பக்கம் போகிறது. தியேட்டரில் சொன்ன வார்த்தையை நான்கே ஆண்டுகளில் காப்பாற்றிவிட்டார்.

பிறகு ஏன் உலகம் காத்திருந்தது?

ஆபீஸில் வேலை பார்ப்பவர்களுக்கு இந்தப் பகுதி புதிதாக இருக்காது.

1930-கள் உலகப் பொருளாதார மந்தத்தின் காலம். இசைத்தட்டு விற்பனை படுத்துக் கிடந்தது. வீட்டில் ஒரு ஸ்பீக்கர் வாங்கவே யோசிப்பவரிடம் இரண்டு வாங்கச் சொல்ல முடியுமா? தியேட்டர்காரர்கள் பேசும் படத்துக்கான கருவிகளை அப்போதுதான் காசு கொட்டி வாங்கியிருந்தார்கள். மறுபடி எல்லாவற்றையும் மாற்றுங்கள் என்றால் யார் கேட்பார்கள்? இஎம்ஐக்கும் அப்போது அதைவிட அவசரமான ஒரு வேலை இருந்தது. ஸ்டீரியோ அலமாரிக்குள் போனது.

ஹாலிவுட்டில் டிஸ்னியின் ஃபேண்டசியா 1940-ல் பல தட ஒலியோடு சில தியேட்டர்களில் வந்தது. 1950-களில் அகலத்திரைப் படங்கள் ஸ்டீரியோவைத் தியேட்டருக்குக் கொண்டுவந்தன. அமெரிக்காவின் வெஸ்ட்ரெக்ஸ் நிறுவனம் 45 டிகிரிச் சுவர் முறையை 1957-ல் காட்டியது. 1958-ல் ஸ்டீரியோ தட்டுகள் பெருமளவில் கடைக்கு வந்தன. காப்புரிமை விண்ணப்பத்திலிருந்து கணக்குப் போட்டால் 27 ஆண்டுகள். தமிழ் சினிமாவில் ஸ்டீரியோவில் பதிவான முதல் பாடல்கள் என்று பரவலாகச் சொல்லப்படுபவை 1978-ல் வந்த ப்ரியா படத்தினுடையவை. அது 47 ஆண்டுகள்.

இதில் எதையும் பார்க்க ப்ளம்லைன் உயிரோடு இல்லை.

அந்த அவசர வேலை: தொலைக்காட்சி

இஎம்ஐயின் அவசர வேலை டிவிதான். பிரிட்டனில் அப்போது இரண்டு தொழில்நுட்பங்கள் மோதிக்கொண்டிருந்தன. ஒருபுறம் ஜான் லோகி பேர்டின் நிறுவனம், 240 வரிப் படம், இயந்திரச் சுழற்சியை நம்பிய முறை. மறுபுறம் மார்கோனி, இஎம்ஐ கூட்டணி, 405 வரிப் படம், முழுக்க எலக்ட்ரானிக் முறை. பேனல் டிஸ்கஷன் வைத்துத் தீர்ப்புச் சொல்லவில்லை. 1936 நவம்பர் 2 அன்று லண்டன் அலெக்ஸாண்ட்ரா பேலஸிலிருந்து பிபிசி ஒளிபரப்பைத் தொடங்கியபோது, இரண்டு முறையையும் மாறி மாறி ஓட விட்டார்கள். 1937 பிப்ரவரிக்குள் முடிவு தெரிந்துவிட்டது. பேர்டின் முறை நிறுத்தப்பட்டது. ஷோன்பெர்க் குழுவின் 405 வரி முறை பிரிட்டனில் 1985 வரை ஓடியது.

இது ஒரு தனி மனிதரின் வெற்றி இல்லை. கேமரா குழாயை ஜேம்ஸ் மெக்கீ, வில்லியம் டெதம் போன்றவர்கள் உருவாக்கினார்கள். செசில் பிரவுன், எரிக் வொயிட் எனப் பலர் கைகோத்த வேலை. படத்தையும் அதை ஒழுங்குபடுத்தும் துடிப்புகளையும் ஒரே மின் அலையில் எப்படி அடுக்குவது என்கிற வடிவமைப்பில் ப்ளம்லைனின் பங்கு பெரியது.

1937 மே 12. ஆறாம் ஜார்ஜ் மன்னரின் முடிசூட்டு ஊர்வலத்தை ஹைட் பார்க் முனையிலிருந்து நேரலையாகக் காட்ட வேண்டும். கேமரா நகரின் நடுவில், ஒளிபரப்புக் கோபுரம் வடக்கே பல மைல் தள்ளி. நடுவில் நீளமான கேபிள். வழியெல்லாம் ஊர்ப்பட்ட மின்சார இரைச்சல் அதில் ஏறும்.

ப்ளம்லைன் மறுபடியும் தராசைக் கையில் எடுத்தார். ஒன்றுக்கொன்று எதிர்மாறான இரண்டு சமிக்ஞைகளை இரண்டு கம்பியில் அனுப்பு. வழியில் சேரும் இரைச்சல் இரண்டு கம்பியிலும் ஒரே மாதிரி சேரும். கடைசியில் வித்தியாசத்தை மட்டும் பெருக்கு. பொதுவாகச் சேர்ந்த இரைச்சல் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்விடும், படம் மட்டும் நிற்கும். இதற்காக அவர் வடிவமைத்து 1936-ல் காப்புரிமை பெறப் பதிந்த இரட்டை வால்வுச் சுற்றுக்கு லாங் டெய்ல்டு பேர் என்று பெயர்.

எலக்ட்ரானிக்ஸ் படித்தவர்களே, இரண்டாம் ஆண்டுப் பாடத்தில் வந்த டிஃபரன்ஷியல் ஆம்ப்ளிஃபயர் ஞாபகம் இருக்கா? வால்வுக்குப் பதில் டிரான்சிஸ்டர் போட்டால் அதேதான். ஒவ்வொரு ஆப் ஆம்ப் சிப்பின் வாசலிலும் அது உட்கார்ந்திருக்கிறது. ஈசிஜி எடுக்கும்போது, சுற்றியுள்ள மின்சார இரைச்சலிலிருந்து இதயத்தின் மெல்லிய துடிப்பைப் பிரித்துக் காட்டுவதும் இந்த யோசனைதான்.

போர், ரகசியம், ஒரு நட்டு

1939-ல் போர் வந்தது. ஹேய்ஸ் ஆய்வகம் ரேடாருக்குத் திரும்பியது. டிவிக்காகக் கற்ற துடிப்புச் சுற்று வித்தைகள் அப்படியே ரேடாருக்குப் பொருந்தின. இரவில் எதிரி விமானத்தைக் கண்டுபிடிக்கும் ரேடார்களுக்கான சுற்றுகளில் ப்ளம்லைன் உழைத்தார். அடுத்து வந்தது எச்2எஸ். விமானத்தின் வயிற்றில் சுழலும் ஆண்டெனா. மேகமோ இருட்டோ எது இருந்தாலும் கீழே உள்ள ஆறு, கடற்கரை, நகரம் எல்லாவற்றையும் திரையில் வரைந்து காட்டும். அதன் இதயம் கேவிட்டி மேக்னட்ரான் என்ற கருவி. நேச நாடுகள் பொத்திப் பொத்தி வைத்திருந்த ரகசியம்.

1942 ஜூன் 7, ஞாயிற்றுக்கிழமை. டெஃபர்ட் விமானத் தளத்திலிருந்து வி9977 என்ற எண் கொண்ட ஹாலிஃபாக்ஸ் குண்டுவீச்சு விமானம் எச்2எஸ் சோதனைக்காகக் கிளம்பியது. ப்ளம்லைனோடு இஎம்ஐயின் செசில் பிரவுனும் ஃபிராங்க் ப்ளைதனும் ஏறியிருந்தார்கள். வலப்பக்க ஓர இன்ஜினில் தீப்பிடித்தது. இறக்கை எரிந்து ஒடிந்தது. ஹெரிஃபோர்ட்ஷையரில் வெல்ஷ் பிக்னர் கிராமத்தருகே விமானம் விழுந்தது. உள்ளே இருந்த 11 பேரும் இறந்தார்கள். ப்ளம்லைனுக்கு 39 வயது நிறைய மூன்று வாரம் இருந்தது. வீட்டில் டோரீனும் இரண்டு சின்னப் பையன்களும்.

காரணம் என்ன தெரியுமா? விசாரணையில் தெரிய வந்தது இதுதான்: இன்ஜின் பராமரிப்பின்போது ஒரு வால்வின் நட்டு சரியாக முடுக்கப்படவில்லை. பறக்கையில் அது தளர்ந்து, வால்வு தண்டு உடைந்து, எரிபொருள் தவறான இடத்தில் பற்றிக்கொண்டது. அளவீட்டுத் துல்லியத்துக்காகவே வாழ்ந்த மனிதரின் முடிவு, யாரோ ஒருவர் பாதியில் விட்ட ஒரு சுற்றில் இருந்தது.

அன்றிரவே விபத்து நடந்த இடத்துக்குப் போய் மேக்னட்ரானை மீட்டவர்களில் ஒருவர் பெர்னார்ட் லவல். பின்னாளில் ஜோட்ரெல் பேங்க் ரேடியோ தொலைநோக்கியைக் கட்டியவர் அவர்தான். எச்2எஸ் வேலை நிற்கவில்லை. 1943 ஜனவரி இறுதியில் ஹாம்பர்க் நகரின் மீதான தாக்குதலில் அது முதன்முறையாகப் பயன்பட்டது. அதன் தம்பி போன்ற இன்னொரு ரேடார், அட்லாண்டிக்கில் கப்பல்களை மூழ்கடித்துக் கொண்டிருந்த நீர்மூழ்கிகளைப் பிடிக்க உதவியது. கப்பலில் போனவர்களைக் காப்பாற்றியதும், ஜெர்மன் நகரங்களின் மேல் குண்டு விழ வழிகாட்டியதும் ஒரே தொழில்நுட்பக் குடும்பம்தான். இரண்டையும் சேர்த்தே இந்தக் கதையைச் சொல்ல வேண்டும்.

பெயர் ஏன் தெரியாமல் போனது?

முதல் காரணம், ரகசியம். யார் இறந்தார்கள் என்று தெரிந்தால், எந்த ஆராய்ச்சி நடக்கிறது என்று எதிரி ஊகித்துவிடுவான். அதனால் மரணச் செய்தி அமுக்கப்பட்டது. குடும்பங்களிடம் வாய் திறக்க வேண்டாம் என்று சொல்லப்பட்டது. போர் முடிந்து பேசலாம் என்று ஆனபோது, உலகத்துக்கு வேறு கவலைகள் இருந்தன.

இரண்டாவது, அவர் எழுதியது கட்டுரைகள் இல்லை, காப்புரிமைகள். 18 ஆண்டுப் பணிவாழ்வில் 128 காப்புரிமைகள், சராசரியாக ஆண்டுக்கு ஏழு. காப்புரிமை ஆவணத்தை வக்கீல் படிப்பார், போட்டி நிறுவனம் படிக்கும். மாணவர்கள் படிக்க மாட்டார்கள்.

மூன்றாவது, அவருடைய யோசனைகள் பல, வேறொருவர் கைபட்டுப் பிரபலமாயின. வால்வு ஆம்ப்ளிஃபயர் பிரியர்கள் கொண்டாடும் அல்ட்ரா லீனியர் முறைக்கு அவர் 1937-லேயே காப்புரிமைக்குப் பதிந்தார். அது பரவியது 1951-ல் இரண்டு அமெரிக்க இன்ஜினீயர்கள் எழுதிய பிறகு.

அங்கீகாரம் மெல்ல வந்தது. 1977-ல் லண்டன் ஈலிங்கில் அவர் வாழ்ந்த வீட்டில் நீல நினைவுப் பலகை பதிக்கப்பட்டது. 2015-ல் ஐஇஇஇ அமைப்பு ஆபி ரோடு ஸ்டூடியோவில் ஸ்டீரியோ கண்டுபிடிப்புக்காக மைல்கல் பலகை வைத்தது. 2017-ல் இசைத்துறையின் டெக்னிக்கல் கிராமி விருது, அவர் இறந்து 75 ஆண்டுகளுக்குப் பிறகு, அவர் பெயருக்கு வழங்கப்பட்டது.

இந்தக் கதையில் உங்களுக்கு என்ன இருக்கிறது?

நீங்கள் போட்டுக் கொடுத்த ஒரு நல்ல யோசனை, பட்ஜெட் இல்லை, நேரம் சரியில்லை என்று எங்கோ ஒரு ஃபோல்டரில் தூங்கிக் கொண்டிருக்கலாம். ப்ளம்லைனுடையதும் அப்படித்தான் தூங்கியது. ஆனால் அவர் அதை அரைகுறையாக எழுதி வைக்கவில்லை. மைக் எப்படி, பள்ளம் எத்தனை டிகிரி, ஸ்பீக்கர் எங்கே என்று, அடுத்தவர் எடுத்துச் செய்யும் அளவுக்கு முழுசாக எழுதினார். அலமாரியை மூடிவிட்டு அழுதுகொண்டும் இருக்கவில்லை. தொலைபேசியில் கற்றதை ஸ்டீரியோவுக்கும், ஸ்டீரியோவில் கற்றதை டிவிக்கும், டிவியில் கற்றதை ரேடாருக்கும் எடுத்துப்போனார்.

அந்த நட்டையும் மறக்க வேண்டாம். 128 காப்புரிமைகளின் பின்னால் இருந்த மூளையைவிட, அன்றைக்கு ஒரு ஸ்பேனரின் கடைசித் திருப்பத்துக்கு மதிப்பு அதிகமாக இருந்தது. பெயர் வெளியே வராத வேலை சின்ன வேலை இல்லை.

போனில் மோனோ ஆடியோ இன்னும் ஆனில் இருக்கிறதா? ஆஃப் பண்ணிடுங்க.